பூநாரை விமானத்தில் யார் நாற்றம்

மூர்த்திக்குப்பத்துப் பவுனம்மாளின் மூக்கைப் பற்றிப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க ஒரு பேச்சு உண்டு. கரையில் வந்து இறங்கும் மீனை ஒருமுறை முகர்ந்தால் போதும். அது யார் படகில் வந்தது, எவ்வளவு ஆழத்தில் வலை விழுந்தது, வலை இழுத்தவன் முந்தின நாள் குடித்திருந்தானா என்பது வரை சொல்லிவிடுவாள். கடலூரில் தூறல் விழுந்தால் இங்கே மூக்கைத் தூக்கிக் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பாள். கணவன் தேவநாதன் கடலுக்குள் மூன்று கல் தொலைவில் பீடி பற்ற வைத்ததை வாசலில் நின்றபடியே கண்டுபிடித்து, அவன் கரையேறியதும் சட்டையைப் பிடித்தாள் என்பார்கள். இதில் பாதியை நம்பினாலே போதும், மீதிக் கதைக்கு அது போதுமானது.

மீன்காரிக்கு நாற்றம் பழகியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் மீனைச் சரியாக அறியாதவர்கள். நல்ல மீனில் நாற்றம் கிடையாது, உப்புக்காற்றின் வாசம்தான் இருக்கும். கெட்ட மீனைப் பவுனம்மாள் விரலால்கூடத் தொட்டதில்லை. அவளுக்குக் குமட்டல் வந்ததெல்லாம் பிற்காலத்தில், வானத்தில் பறந்து வந்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்து எழுந்த இருக்கைகளுக்கு அடியில்தான்.

இருபது வருடம் தலையில் கூடை சுமந்து கிருமாம்பாக்கத்திலும் பாகூரிலும் தெருத் தெருவாக மீன் விற்றாள். நாற்பத்தாறாம் வயதில் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, கூடையை இறக்கி வைத்தாள். அந்தச் சமயத்தில்தான் பூநாரை ஏர் என்று ஒரு விமானக் கம்பெனி கிளம்பியது. விமானத்தைக் கூட்டித் துடைக்கப் பெண்கள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் குப்பத்துக்கு வேனை அனுப்பினார். பவுனம்மாள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

பூநாரையின் முதலாளி புகழ்வேந்தன் வில்லியனூர்க்காரர். அவர் அப்பா கரும்பு போட்டார், இவர் பஸ் விட்டார். பதினோரு பஸ் ஆனதும் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு விசிறி விமானத்தை வாடகைக்கு எடுத்து, வாலில் இளஞ்சிவப்பாக ஒரு பூநாரையை வரையச் சொல்லி, புதுச்சேரியில் இருந்து ஹைதராபாத்துக்கு ஓட்ட ஆரம்பித்தார். சின்ன ஊர்களில் இருந்து பறந்தால் அரசாங்கம் மானியம் கொடுக்கும் என்பது அவருக்குக் கரும்பு மானியம் போலச் சட்டென்று விளங்கிவிட்டது. விமானம்தான் விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்த வண்டி பஸ். நின்றுகொண்டிருக்கும் பஸ் நஷ்டம் என்றால் நின்றுகொண்டிருக்கும் விமானமும் நஷ்டம். ஆகவே ஆட்கள் இறங்கி அடுத்த ஆட்கள் ஏறுவதற்கு நடுவே இருபத்தைந்து நிமிடம்தான் என்று சட்டம் போட்டார். எழுபது பேர் உட்காரும் வண்டியில் இன்னும் பத்துப் பேரை நிற்க வைத்துக் கூட்டிப் போகலாமா என்று பைலட்டிடம் விசாரித்ததாகவும், அந்தப் பைலட் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்ததாகவும் ஒரு கதை வில்லியனூர் டீக்கடைகளில் இன்றும் உலவுகிறது.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் பவுனம்மாளும், காட்டேரிக்குப்பத்துச் சின்னபொண்ணும், இன்னும் நான்கு பேரும் உள்ளே ஏறி எழுபது இருக்கையையும் ஆள் உட்காராத மாதிரி ஆக்க வேண்டும். கோட்டுப் போட்டவர் உட்கார்ந்திருந்த இருக்கைப் பையில் கடித்துத் துப்பிய நகம் கிடக்கும். பட்டுப்புடவைக்காரி குழந்தையின் அழுக்கு டயாப்பரைச் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே மடித்து வைத்துவிட்டுப் போயிருப்பாள். வாந்திப் பைக்குள் வாந்தி எடுத்தவர் கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய பயணி. மற்றவர்கள் பத்திரிகையில் எடுத்து, அதை அழகாக மூடி, மறுபடியும் இருக்கைப் பையில் செருகியிருப்பார்கள். ஒருவன் நனைந்த காலுறையைக் காற்று வரும் துளையில் காயப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டான்.

"ஏண்டி, இவங்க வூட்லயும் இப்டித்தான் இருப்பாங்களா?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"வூட்ல பொண்டாட்டி இருக்காக்கா. இங்க நாம இருக்கறோம்" என்றாள் சின்னபொண்ணு.

கம்பெனி வளர்ந்தது. இரண்டாவது விமானம் வந்து பெங்களூருக்குப் பறந்தது. மூன்றாவது வந்து கொச்சிக்கும் சேலத்துக்கும் போனது. விமானம் பெருகப் பெருக, துடைக்கிறவர்கள் குறைந்தார்கள். ஆறு பேர் மூன்று பேராகி, இருபத்தைந்து நிமிடம் பதினைந்தாகியது. குறைந்ததற்கு ஈடாக மல்லிகை வாசனை அடிக்கும் ஒரு டப்பா கொடுத்தார்கள். துடைக்க நேரம் இல்லையென்றால் அடித்துவிட்டு இறங்கலாம். எச்சில் மேல் மல்லிகை, வாந்தி மேல் மல்லிகை. பவுனம்மாள் அந்த நாள் முதல் தலையில் பூ வைப்பதையே விட்டுவிட்டாள்.

புதுச்சேரியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் முத்துக்குமரன் எல்லா ஊருக்கும் பெரிய மேனேஜர் ஆனார். தினமும் இங்கேயே வந்து ஓய்வெடுத்த முதல் விமானம் இப்போது ஹைதராபாத்தில் தங்க ஆரம்பித்தது. காலையில் வந்து பதினைந்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடும்.

அந்த முதல் விமானத்தில்தான் நாற்றம் தொடங்கியது. பின்பக்கம், கடைசி வரிசையில். இந்த விமானத்தில் ஆட்கள் ஏறும் வாசலே பின்னால்தான் இருக்கிறது. ஏறினவுடன் ஒரு பக்கம் டீ, பிஸ்கட் வைக்கும் அலமாரி, அதை ஒட்டிக் கடைசி வரிசை. முதல் வாரம் லேசாகப் புளித்தது. இரண்டாம் வாரம் இனித்து அழுகியது. மூன்றாம் வாரம் கடைசி வரிசைக்காரர்கள் ஹைதராபாத் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. மல்லிகை அடித்தால் அது அழுகின மல்லிகையாக நாறியது.

மீன்காரம்மா துடைக்கிற வண்டி, வேறு எப்படி இருக்கும் என்று யாரோ ஒருவர் சொன்னார். அதன் பிறகு எல்லோரும் சொன்னார்கள். முத்துக்குமரன் அவளுக்கு ஒரு வாசனைச் சோப்பு கொடுத்தார். அதோடு நிற்காமல், கவுண்டரில் டிக்கெட் பார்க்கும் வைஜெயந்தியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் பவுனம்மாளை முகர்ந்து பார்த்து எழுதும்படி சொன்னார்.

"அக்கா, கையக் காட்டுங்க."

"இன்னாத்துக்குமா, வளையல் போடவா?"

வைஜெயந்தி தரையைப் பார்த்தாள். "மோந்து பாக்கச் சொல்லியிருக்காருக்கா. வேணான்னுதான் சொன்னேன். அப்போ நீ போறியான்னு கேக்கறாரு."

இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன் தோளில் மூக்கை வைத்து முகர்வதைப் பவுனம்மாள் நின்று வாங்கிக்கொண்டாள். கடற்கரையில் மீனைக்கூட யாரும் இப்படிச் சந்தேகத்தோடு முகர்ந்ததில்லை.

"சோப்பு வாசம்தான் வருது. அப்டியே எழுதட்டுமாக்கா?"

"உன் மூக்கு, உன் பேனா. எழுதும்மா."

அவள் எழுதினாள். மத்தியானம் முத்துக்குமரன் வந்து சோப்பு என்பதை அடித்துவிட்டு, மிதமான நாற்றம் என்று தன் கையால் எழுதினார்.

பவுனம்மாள் நேராக அவர் எதிரில் போய் நின்றாள். "சார், மூணு வண்டியும் நான்தான் தொடைக்கறேன். ரெண்டாவதும் மூணாவதும் நாறல. நான் வராத நாள்லயும் மொத வண்டி நாறுது. நாத்தம் எங்கூட வருதா, வண்டிகூட வருதா, நீங்களே சொல்லுங்க."

"ஊறிப்போச்சும்மா. பஞ்சுல, துணியில உன் நாத்தம் ஊறிடிச்சி" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு பயணி மூக்கைப் பொத்திக்கொண்டு வீடியோ எடுத்துப் போட்டான். ஊரே பார்த்தது. துப்புரவுப் பணியாளர் ஒருவரால் ஏற்பட்ட துர்நாற்றம், அவர்மீது நடவடிக்கை எடுக்கிறோம் என்று கம்பெனி அதன் கீழே பதில் எழுதியது. புதன்கிழமை அவளை வில்லியனூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் மார்க்கெட் பக்கத்தில், ஒரு ஸ்வீட் கடையின் மாடியில் இருந்தது. புகழ்வேந்தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வந்ததும் மின்விசிறியை இன்னும் வேகமாக வைக்கச் சொன்னார். பிறகு ஒரு தாளை மேசையில் தள்ளினார்.

பவுனம்மாள் எட்டாவது படித்தவள். நின்றபடியே படித்தாள். 'எனது உடலிலிருந்தும் உடையிலிருந்தும் வந்த மீன் நாற்றமே விமானத்தின் துர்நாற்றத்துக்குக் காரணம் என ஒப்புக்கொண்டு, நானாகவே விலகிக்கொள்கிறேன்' என்று இருந்தது. கீழே அவள் பெயர், கணவன் பெயர், ஊர்.

"இத நான் போடணுமா?"

"வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு வந்து போட்டுட்டு மரியாதயா போய்டும்மா" என்றார் புகழ்வேந்தன். "இல்லன்னா நிறுத்திட்டோம்னு உன் போட்டோவோட நாங்களே போடுவோம். ஊர் பாக்கும்."

வேலை போனால் வேறு வேலை. ஆனால் நாறுகிறவள் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டால், மூர்த்திக்குப்பத்தில் அவள் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் சாகும்வரை நிற்கும். அவளுக்கு மட்டுமல்ல, கூடை தூக்கும் ஒவ்வொருத்தியையும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க அந்தத் தாள் ஒன்று போதும். அவள் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

தெருவில் இரண்டு கடை தாண்டியிருக்க மாட்டாள். மூக்கு அவளை நிறுத்தியது. அதே நாற்றம். புளிப்பு, அதன்மேல் இனிப்பு, அடியில் குங்குமமும் கற்பூரமும். சுற்றிலும் பார்த்தாள். ஒரு ஹார்ட்வேர் கடையின் வாசலில், திருஷ்டிக்குக் கட்டிய வெள்ளைப் பூசணி கயிற்றில் தொங்கியது. கண்ணும் மீசையும் வரைந்த அந்த முகம் உள்ளுக்குள் இற்றுப்போய், தாடை வழியாகப் பழுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு அவள் முழங்கையில் விழுந்தது. அவள் அதைத் துடைக்காமல் முகர்ந்தாள்.

"இன்னாபா இது, இப்டி ஊத்துது. எடுத்துப் போடக் கூடாதா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"அழுவட்டும்மா. அழுவுனாத்தான் கண்ணு கழியுதுன்னு அர்த்தம். அமாவாசைக்கு மாத்துவேன். நடுவுல நீ தொட்டுடாத, எங்க கண்ணெல்லாம் உனக்கு வந்துடும்."

பவுனம்மாள் அந்தக் கடை வாசலை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில்தானே கட்டுவார்கள். விமானத்துக்கு வாசல் பின்னால். அந்த வாசலில் டீ அலமாரிக்கு மேலே ஒரு சின்ன அறை உண்டு. கம்பெனி உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதிப் பூட்டியிருக்கும். அதன் சாவியை அவள் முத்துக்குமரனின் இடுப்பில் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் விமானம் வந்து இறங்கியது. ஆட்கள் இறங்கி முடிந்ததும் அவள் இருக்கைகள் பக்கம் போகவே இல்லை. கொண்டை ஊசியைக் கழற்றி அந்த அறையின் பூட்டில் விட்டாள்.

"யக்கா, வேல போய்டும்" என்றாள் சின்னபொண்ணு.

"பதினோரு மணிக்கு எப்டியும் போவப் போவுதுடி. மூணு மணி நேரம் முன்னாடி போனா இன்னா."

கதவு திறந்ததும் உள்ளே இருந்த காற்று ஆள் மாதிரி வெளியே வந்தது. நடுவில் ஒரு வெள்ளை மூட்டை போலப் பூசணி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அரை அங்குலத்துக்குப் பூஞ்சை மயிர். குங்குமம் அடைக்க வெட்டிய துளை வாயைப் போலத் திறந்து, அதற்குள் வெள்ளைப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. ஒரு விரல் பட்டதும் முகம் உள்ளே போய்விட்டது. பழுப்பு நீர் அறையின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. புதிதாக இறங்கவில்லை. ஏற்கெனவே இறங்கிக் காய்ந்த தடத்தின் மேலேயே இறங்கியது. அந்தத் தடம் போய் முடிகிற இடத்தில் டீ குடிக்கும் காகிதக் கப்புகள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த கப்புகளின் விளிம்பில் மஞ்சள் வட்டம்.

சின்னபொண்ணு ஒரு வாந்திப் பையை உருவி, விதிமுறைப்படி அதற்குள்ளேயே வாந்தி எடுத்தாள்.

முத்துக்குமரன் ஓடி வந்தார். திறந்த கதவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மொதலாளி சொன்னதும்மா. வண்டி வாங்கும்போதே ஜோசியர் சொன்னாராம், வாசல்ல பூசணி இல்லாம பறக்கக் கூடாதுன்னு. அமாவாசைக்கு அமாவாசை நானே மாத்திக்கினு இருந்தேன். அப்புறம் வண்டி ஹைதராபாத்ல தங்க ஆரம்பிச்சிடிச்சி. மத்த ரெண்டுலயும் மாத்திடறேன், இது அமாவாசை ராத்திரி இங்க நிக்கறதே இல்ல. அங்க இருக்கறவனுக்கு எப்டிச் சொல்றது? இத எழுதியா அனுப்ப முடியும்?"

உண்மைதான். விமானத்தில் ஒரு திருகாணியை மாற்றினாலும் மூன்று இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பூசணிக்கு மட்டும் புத்தகம் கிடையாது.

"மறந்துட்டியா சார், மறைச்சியா?"

"மொத மாசம் மறந்துட்டேன். ரெண்டாவது மாசம் நெனப்பு வந்துது. அதுக்குள்ள பேரு உம்மேல வந்துடிச்சி. சரி, அப்டியே போவட்டும்னு..."

அவள் தோளில் ஒரு பெண்ணை விட்டு முகரச் செய்து, அதை அடித்துத் திருத்தி எழுதியபோதும் இந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. பவுனம்மாளுக்குப் புழுவைப் பார்த்தபோது வராத குமட்டல் அப்போது வந்தது. பூசணியைக் குப்பைப் பையில் வழித்து எடுத்தாள், கப்புகள் அத்தனையையும் அதன்மேல் போட்டாள். வெளியே வந்து அதை ஒரு பெயிண்ட் பக்கெட்டில் இறக்கி மூடி, வில்லியனூர் பஸ் ஏறினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அந்தப் பஸ் கிளம்பும்போது நாற்பது பேரும், வில்லியனூர் வந்து சேரும்போது நான்கு பேரும் இருந்தார்கள். அந்த நால்வருக்கும் ஜலதோஷம். டிரைவர் கடைசி இரண்டு கிலோமீட்டரைத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

பதினோரு மணிக்குப் பக்கெட்டைப் புகழ்வேந்தனின் மேசையில் வைத்து, மூடியைத் திறந்தாள். கணக்கர் ஒருவர் ஜன்னலுக்குப் போனார், இன்னொருவர் படிக்கே போனார். புகழ்வேந்தன் மட்டும் நாற்காலியில் இருந்து எழுந்து, பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"பாத்தீங்களா" என்றார் கண் கலங்க. "எவ்ளோ அழுவியிருக்கு பாருங்க. எத்தன பேரு கண்ணு பட்டிருந்தா இப்டி அழுவும். இது மட்டும் இல்லன்னா இந்நேரம் வண்டி என்னா ஆயிருக்குமோ."

"மொதலாளி, இந்தத் தண்ணி டீ கப்ல இறங்கியிருக்கு."

"அத மாத்திடலாம்மா." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மேசையில் இருந்த தாளைக் கிழித்தார். "நீ போவ வேணாம். வேலையில இரு. ஆனா வெளிய ஒரு வார்த்த வரக் கூடாது. லைசென்ஸ் போய்டும். அந்த வீடியோவுக்குப் போட்ட பதில் அப்டியே இருக்கட்டும். ஊரு மறந்துடும். உன் மனசுக்கு வேணும்னா ஒரு சர்டிபிகேட் தரச் சொல்றேன்."

கணக்கர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து தட்டச்சு செய்தார். 'பவுனம்மாள், க/பெ தேவநாதன், மூர்த்திக்குப்பம் என்பவரிடம் எவ்விதத் துர்நாற்றமும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.' அதன்மேல் பூநாரை முத்திரை குத்தினார்.

பவுனம்மாள் அதை இரண்டு முறை படித்தாள். நாறுகிறாய் என்று சொன்ன தாளைவிட, நாறவில்லை என்று முத்திரை குத்தின தாள் அவள் கையில் அதிகமாகப் பிசுபிசுத்தது.

"இத கழுத்துல மாட்டிக்கினு பஸ் ஏறணுமா மொதலாளி?" என்று கேட்டு, தாளை மேசையில் வைத்தாள். "வீடியோவுக்குக் கீழ என்னைச் சொன்னீங்க. அங்கியே மாத்திச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வரல."

படியில் இறங்கும்போது புகழ்வேந்தனின் குரல் கேட்டது. "ஏம்மா, பக்கெட்ட எடுத்துக்கினு போ."

"உங்க கண்ணு மொதலாளி. நான் எடுத்தா எனக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கணக்கர்கள் தொட மாட்டோம் என்றார்கள். கூட்டுகிற பெண் வேலைக்கே வரவில்லை. பஸ் டிரைவர்களைக் கூப்பிட்டால், பதினோரு பஸ் டிரைவர்களுக்கும் ஒரே நாளில் வீட்டில் துக்கம். நடுவில் அப்புறப்படுத்தினால் ஆகாது என்று புகழ்வேந்தனும் உள்ளுக்குள் நம்பினார். பக்கெட் மேசையிலேயே இருந்தது. நாற்றம் படி இறங்கி ஸ்வீட் கடைக்குள் போனது. மூன்றாம் நாள் லட்டு வாங்க வந்தவர்கள் கடைக்காரரைச் சண்டைக்கு இழுத்தார்கள். அவர் மாடியைக் காட்டினார். மாடியில் என்ன என்று கேட்டவர்களுக்கு, விமானத்தில் வைத்த பூசணி என்று மார்க்கெட்டில் கீரை விற்கிறவள் வரைக்கும் விளக்கமாகச் சொன்னாள். வீடியோ எடுத்தவனே மறுபடி வந்து, இந்த முறை மாடிப்படியில் நின்று எடுத்தான்.

ஐந்தாம் நாள் முத்துக்குமரன் போன் செய்தார். பவுனம்மாள் வீட்டு வாசலில் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான்கு பெண்கள்.

"பதில மாத்திட்டோம்மா. திங்கக்கெழம வந்துடு. பாத்ரூம் தொடைக்கக்கூட ஆள் நிக்க மாட்டுது."

"இன்னான்னு மாத்தினீங்க? படிங்க, கேக்கறேன்." ஈரக் கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

அவர் படித்தார். "'துர்நாற்றத்துக்கு நிர்வாகத்தின் பராமரிப்புக் குறைபாடே காரணம். துப்புரவுப் பணியாளர் யாரும் காரணமில்லை. முன்பு தவறாகச் சொன்னதற்கு வருந்துகிறோம்.'"

"பூசணின்னு இல்லியே சார்."

"அத எப்டிம்மா எழுதறது?"

"கப்புன்னும் இல்ல. சரி, என்னப் பத்தி எழுதினத மட்டும் இன்னொரு தபா படிங்க. கொஞ்சம் சத்தமா. இங்க அலை சத்தம்."

அன்றைக்குக் கடலில் அலையே இல்லை. அவர் சத்தமாகப் படித்தார். தெருக்கோடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் தலையைத் தூக்கினார்கள்.

"திங்கக்கெழம வரேன்" என்று சொல்லி வைத்தாள் பவுனம்மாள். பிறகு அந்தப் போனை முந்தானையால் முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்து, தள்ளி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மறுபடி மீனைத் தொட்டாள்.